வீட்டுப் பட்டறைக்கு ரவுட்டர் மேசை: வாங்குவதும் பொருத்துவதும் ஓட்டுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்று ஊர்களிலும் மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ மரவேலை செய்கிறவர்களுக்காக எழுதியது இது. ரவுட்டர் என்பது பிட் என்னும் வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தில் விளிம்பு வளைவும் காடி எனப்படும் நீளப் பள்ளமும் எடுக்கும் மெஷின்; அதைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மேசைதான் ரவுட்டர் மேசை. மேல்பலகை தட்டையாக இருக்க வேண்டும், மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான தடுப்பான ஃபென்ஸ் நேராக இருக்க வேண்டும், மோட்டார் பிட்டுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் வசதிக்காகத்தான். கையில் இருக்கும் காசை எங்கே போடுவது என்று குழம்பும்போது இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டரே இருக்கிறது. மேசை எதற்கு?

கையில் ஓட்டும்போது மரம் நிலையாக இருக்கும், மெஷின் நகரும். மேசையில் மெஷின் தலைகீழாகத் தொங்கி நிலையாக இருக்கும், மரம் நகரும். ஒன்றரை அங்குல அகலச் சட்டத்தின் மேல் ரவுட்டரின் அடித்தட்டு நிற்காது. லேசாகச் சாய்ந்தாலே விளிம்பு கெட்டுவிடும். அதே சட்டத்தை மேசையில் ஃபென்ஸை ஒட்டித் தள்ளினால் 20 சட்டங்களும் ஒரே அளவில் வரும். அலமாரிக் கதவுச் சட்டங்களில் காடி எடுப்பது, பூஜை அறைக் கதவுக்கு விளிம்பு வளைவு, கொலுப்படி முனைகளை உருட்டுவது, போட்டோ பிரேம் எல்லாமே மேசை வேலைகள்.

எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். ஊஞ்சல் பலகை, சாப்பாட்டு மேசைப் பலகை போன்ற கனமான பெரிய பலகைகளுக்குக் கையில் ஓட்டுவதே சரி. ஆறடிப் பலகையைச் சின்ன மேசை மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால் நுனி தொங்கி, நடுப்பகுதி பிட்டை விட்டு மேலே எழும்பிவிடும்.

எந்த ரவுட்டரை மேசைக்கு வாங்குவது?

நம் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மைக்கா விளிம்பு சீவ ஆசாரிகள் வைத்திருக்கும் ட்ரிம்மர்; 500 முதல் 700 வாட் வரை, பிட்டின் தண்டைப் பிடிக்கும் காலெட் 6 மி.மீ. மற்றது கீழே அமுக்கி இறக்கும் பெரிய பிளஞ்ச் ரவுட்டர். 1,200 வாட்டுக்கு மேல், 8 அல்லது 12 மி.மீ. காலெட்.

சின்ன விளிம்பு வளைவு, 6 மி.மீ. காடி, பெட்டி வேலை இவ்வளவுதான் என்றால் ட்ரிம்மரே போதும். 25 மி.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட பிட்டை அதில் போடாதீர்கள். மோட்டார் இழுத்தாலும் 6 மி.மீ. தண்டு தாங்காது. கதவுச் சட்டமும் நடுப்பலகையும் செய்யும் எண்ணம் இருந்தால் 12 மி.மீ. காலெட் உள்ள, வேகத்தைக் குறைக்கக்கூடிய பெரிய ரவுட்டரை வாங்குங்கள். விலை குறைந்த 12 மி.மீ. ரவுட்டர்கள் சில நிமிடத்துக்கு 22,000 சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் ஓடும். அவற்றில் பெரிய பிட் போடக் கூடாது. வாங்கும் முன் வேகக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டைவிட இது முக்கியம்.

6 மி.மீ. காலெட்டில் கால் அங்குல பிட் போடலாமா?

கூடாது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அது 6 மி.மீ. காலெட்டில் நுழையாது, தட்டி நுழைத்தால் காலெட் விரிந்துபோகும். எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து. 6 மி.மீ. பிட் கால் அங்குல காலெட்டுக்குள் எளிதாகப் போகும், நட்டை முறுக்கினால் பிடித்தது போலவும் தோன்றும், ஓடும்போது மெல்ல வெளியே ஏறி வரும். 12 மி.மீ., அரை அங்குலம் என்ற ஜோடியிலும் இதே கதைதான். அரை அங்குலம் 12.7 மி.மீ.

இணையத்தில் மலிவாக வரும் பிட் செட்டுகளில் பல கால் அங்குலத் தண்டு கொண்டவை, இங்கே கடையில் விற்கும் ட்ரிம்மர்களில் பல 6 மி.மீ. காலெட் கொண்டவை. வெர்னியரில் தண்டை அளந்து பார்த்த பிறகே மாட்டுங்கள். 50 பிட் உள்ள செட்டைவிட நல்ல கார்பைடு நுனி வைத்த ஐந்து பிட் மேல்: 6 மி.மீ. நேர் பிட், 12 மி.மீ. நேர் பிட், பேரிங் (மரத்தின் ஓரத்தைத் தொட்டு உருண்டு வழிகாட்டும் வளையம்) வைத்த 6 மி.மீ. ஆர வளைவு பிட், 45 டிகிரி சாய்வு பிட், பேரிங் வைத்த காடி பிட்.

ரெடிமேட் மேசை வாங்கலாமா, நாமே செய்யலாமா?

தகரத்தில் மடித்துச் செய்த சின்ன ரெடிமேட் மேசைகளை வாங்காமல் இருப்பதே நல்லது. மேல்தட்டு அதிரும், ஃபென்ஸ் இரண்டு பிளாஸ்டிக் குமிழில் நிற்கும், பெரிய ரவுட்டரின் கனம் தாங்காமல் நடு தொய்யும். வார்ப்பிரும்பு மேசை அருமையானது. விலையும் கனமும் அதிகம், மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டுபோக ஆள் பிடிக்க வேண்டும். பெரும்பாலோருக்குப் பொருத்தமான வழி, ரவுட்டரைத் தாங்கும் பிளேட்டை மட்டும் வாங்கி, மேல்பலகையையும் ஃபென்ஸையும் வீட்டிலேயே செய்வது.

மேல்பலகைக்கு எது நல்லது? எவ்வளவு பெரிதாக?

இரண்டு 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரமும் உள்ள பிளைவுட் போதும், ஐ.எஸ். 710 மரைன் தரம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. 800 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம் வசதியான அளவு. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் இரண்டு அடுக்கும் வந்து, ஃபென்ஸுக்கும் அடிப்பெட்டிக்கும் மீதம் இருக்கும்.

ஒட்டும்போது தரையை நம்பாதீர்கள். கிரானைட் சமையல் மேடையோ கனமான கண்ணாடியோதான் தட்டையான அடித்தளம். வெள்ளைப் பசையை முழுதும் பரப்பி, இரண்டையும் சேர்த்து, மேலே சிமெண்ட் மூட்டைகளை வைத்து ஒரு இரவு விடுங்கள்.

பிறகு 1 மி.மீ. மைக்காவை மேலே மட்டுமல்ல, கீழேயும் ஒட்டுங்கள். பலர் இதில் காசு மிச்சம் பிடிக்கிறார்கள், அங்கேதான் மேசை கெடுகிறது. ஒரு பக்கம் மட்டும் மைக்கா இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பக்கம் ஈரத்தை இழுத்துப் பருக்கும், மூடிய பக்கம் அப்படியே இருக்கும், பலகை வளையும். சித்திரை வெயிலில் திரும்பக் காயும்போதும் பழைய தட்டைக்கு வராது. வெட்டிய நாலு விளிம்புகளையும் எட்ஜ் பேண்டாலோ வார்னிஷாலோ அடையுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மிகத் தட்டையாக வரும். ஆனால் சாரல் படும் கொட்டகைக்கு ஆகாது.

உயரம் உங்கள் முழங்கைக்கு ஒரு சாண் கீழே. பலருக்கு 850 முதல் 900 மி.மீ. வரை வரும்.

பிளேட் அலுமினியமா, அக்ரிலிக்கா?

அலுமினியம். ட்ரிம்மருக்கு 8 மி.மீ. தடிமனில் 235 × 120 மி.மீ. பிளேட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பெரிய ரவுட்டருக்குச் சுமார் 300 × 230 மி.மீ., 6 முதல் 10 மி.மீ. தடிமன் வேண்டும். அக்ரிலிக்கை வெட்டுவது எளிது. ஆனால் நாலைந்து கிலோ ரவுட்டரைத் தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுக்கத் தொங்கவிட்டால் அது நடுவில் தொய்யும். அக்ரிலிக்தான் கையில் இருக்கிறது என்றால் 12 மி.மீ. எடுங்கள், வேலை முடிந்ததும் ரவுட்டரைக் கழற்றி வையுங்கள்.

அளவெடுத்துச் செய்வதானால் கப்பலூர் அல்லது கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் மில்லிங் மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் அலுமினியத் தட்டைக் கொடுத்து வெட்டி வாங்கலாம். தட்டை மட்டும் கொடுத்தால் போதாது, ரவுட்டரின் அடித்தட்டையும் கழற்றிக் கொண்டுபோங்கள். துளைகளை அதை வைத்தே குறிக்க வேண்டும். திருகுகளின் தலை பிளேட்டின் மேல்மட்டத்துக்குக் கீழே அமிழ வேண்டும். பிளேட் பழைய அடித்தட்டைவிடத் தடிமன் என்பதால் பழைய திருகு நீளம் போதாது. அதே மரை அளவில் நீளமானது வாங்குங்கள்.

பிளேட்டை மேல்பலகையில் எப்படி இறக்குவது?

பிட்டின் மையம் முன் விளிம்பிலிருந்து சுமார் 250 மி.மீ. உள்ளே வரும்படி பிளேட்டை வைத்து, பென்சிலால் சுற்றி வரையுங்கள். பிளேட்டை எடுக்காமல், அதன் நாலு பக்கத்தையும் ஒட்டி 12 மி.மீ. பிளைவுட் துண்டுகளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். இப்போது பிளேட்டை எடுத்தால் அச்சு தயார். தண்டுப் பக்கம் பேரிங் உள்ள நேர் பிட்டை ரவுட்டரில் மாட்டி, அந்த அச்சைத் தொட்டபடி உள்ளே காடி எடுங்கள். பிட்டின் ஆரமும் பிளேட் மூலையின் ஆரமும் ஒன்றாக இருந்தால் மூலை கச்சிதமாக உட்காரும். இல்லாவிட்டால் உளியால் மூலையைத் திருத்துங்கள்.

காடியின் ஆழம் பிளேட்டின் தடிமனைவிட அரை மி.மீ. அதிகம் இருக்கட்டும். ஒரே மூச்சில் இறக்காமல் ஒரு முறைக்கு ஒரு நூல் அளவு, அதாவது சுமார் 3 மி.மீ. எடுங்கள். ஓரத்தில் 15 மி.மீ. விளிம்பு விட்டு, நடுப்பகுதியை ஜிக்சாவால் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த விளிம்பில் மூலைக்கு ஒன்றும் நீளப் பக்கத்துக்கு ஒன்றுமாக ஆறு மட்டத் திருகுகளைப் போடுங்கள். பிளேட் அவற்றின் தலை மேல் உட்காரும். திருகை ஏற்றி இறக்கி மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டாம். நேரான 600 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலைப் பிளேட்டுக்கும் மேசைக்கும் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ.; அது நுழையும் இடைவெளிக்கு மேல் எங்கும் இருக்கக் கூடாது. ஒரு மயிரிழை பிழை வருவதானால் பிளேட் மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் மரத்தின் முன்முனை மேசை விளிம்பில் இடித்து நிற்கும். ரவுட்டரை மாட்டிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். கனம் ஏறியதும்தான் உண்மையான மட்டம் தெரியும்.

ஃபென்ஸ் எப்படி இருக்க வேண்டும்?

நேராக, மேசைக்குச் செங்குத்தாக. மேசை விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுழலும் பிட்டுக்கு எந்தக் கோணமும் ஒன்றுதான். அதனால் ஃபென்ஸின் ஒரு முனையை ஒரே போல்ட்டில் நிறுத்தி, மறுமுனையை மட்டும் நகர்த்தி ஒரு சி-கிளாம்பால் இறுக்கினால் போதும். இதில் ஒரு லாபமும் உண்டு: பிட் நடுவில் இருந்தால் மறுமுனையை 1 மி.மீ. நகர்த்தும்போது பிட் அருகே அரை மி.மீ.தான் நகரும். நுணுக்கமாக அளவு வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

முதுகெலும்பாக ஜன்னல் செய்கிறவர்களிடம் கிடைக்கும் 4 × 1½ அங்குல அலுமினியச் செவ்வகக் குழாயை 800 மி.மீ. வெட்டி வாங்குங்கள். கடையிலேயே இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். முகப்புக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு, நீள்துளை வழியாகத் திருகி, பிட் அருகே நெருக்கவும் விலக்கவும் முடிகிற மாதிரி. பிட்டுக்கும் முகப்புக்கும் இடைவெளி குறைந்தால் சில்லு தெறிப்பதும் குறையும். மூலைமட்டத்தை மேசையில் வைத்து மூன்று இடங்களில் செங்குத்து பாருங்கள். சாய்ந்திருந்தால் முகப்புக்குப் பின்னால் தாள் துண்டு வைத்துத் திருத்தலாம்.

மேசையில் மைட்டர் காடி (கோணம் வைத்துத் தள்ளும் கட்டை ஓடுவதற்கான பள்ளம்) வெட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அது இருந்தால் ஃபென்ஸை ஒவ்வொரு முறையும் அதற்கு இணையாக வைத்தாக வேண்டும். சட்ட முனைகளை ஓட்ட, சதுரமாக வெட்டிய 200 மி.மீ. பலகைத் துண்டைப் பின்னால் வைத்து ஃபென்ஸை ஒட்டித் தள்ளினால் போதும். அது முனை பிளப்பதையும் தடுக்கும்.

பிட்டை ஏற்றி இறக்க லிஃப்ட் வாங்க வேண்டுமா?

முதல் வருடம் வேண்டாம். பிளஞ்ச் ரவுட்டரைத் தலைகீழாக மாட்டினால் அதன் ஸ்பிரிங் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். தயாரிப்பாளர் கையேட்டில் வழி இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அடியிலிருந்து ஒரு எம்10 த்ரெட் ராடால் (10 மி.மீ. மரைக் கம்பி) தூக்குங்கள். அதன் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும்; கால் சுற்று 0.4 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட. இறுதி அளவுக்கு எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே வாருங்கள், மரையின் தளர்ச்சி ஒரே பக்கம் இருக்கும். அளவு வைத்ததும் ரவுட்டரின் பூட்டை இறுக்க மறக்கக் கூடாது.

மின்சாரம் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

1,650 வாட் ரவுட்டர் 230 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஆகாது. 16 ஆம்பியர் பாயிண்டும் 2.5 சதுர மி.மீ. வயரும் வேண்டும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு அந்த லைனில் இருக்கட்டும்.

இன்னொன்று, இங்கே கட்டாயம். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். நீங்கள் பிட்டைப் பார்க்கக் குனியும்போது திரும்ப வரும். ரவுட்டரின் சொந்த ஸ்விட்ச் ஆனிலேயே இருந்தால் மெஷின் தானாகக் கிளம்பும். இதைத் தடுக்க, கரண்ட் போனால் தானே விழுந்துவிடும் பச்சை–சிவப்பு பட்டன் ஸ்விட்சை மேசையின் முன்பக்கம் பொருத்துங்கள். எலக்ட்ரீஷியனிடம் நோ-வோல்ட் ஸ்விட்ச் என்று கேட்டால் தெரியும். பிட் மாற்றும்போது பிளக்கையே உருவிவிட வேண்டும், ஸ்விட்சை நம்பக் கூடாது.

எந்தப் பிட்டுக்கு எவ்வளவு வேகம்?

12 மி.மீ. பிட்டின் விளிம்பு 22,000 சுற்றில் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே சுற்றில் 80 மி.மீ. பிட்டின் விளிம்பு 330 கி.மீ. வேகத்தைத் தாண்டும். அதனால்தான் பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கிறோம். 25 மி.மீ. வரை 18,000 முதல் 22,000, 50 மி.மீ. வரை 16,000, 65 வரை 12,000, அதற்கு மேல் 10,000. பிட்டின் உறையில் இதைவிடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அதுவே கணக்கு. கதவு நடுப்பலகைக்கு, பலகையைப் படுக்கவைத்து ஓட்டும் 80 மி.மீ. கிடைப் பிட்டைவிட, பலகையைச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டும் 38 மி.மீ. பிட் பாதுகாப்பானது, ஃபென்ஸை மட்டும் 200 மி.மீ. உயரமாக்க வேண்டும்.

மரத்தை எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவது?

ஃபென்ஸ் உங்களுக்கு எதிரே, மரம் உங்களுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே. வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். தலைகீழாக இருக்கும் ரவுட்டரின் பிட் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். வலமிருந்து தள்ளினால் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், ஃபென்ஸ் பக்கமும் அழுத்திக்கொள்ளும். இடமிருந்து தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், கை பிட்டின் மேல் போய் விழும்.

பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மரத்தை ஒருபோதும் விடாதீர்கள். அது சிக்கி அம்பு போலப் பாயும். ஒரு சாணுக்குக் குறைந்த துண்டைக் கையால் பிடித்து ஓட்டவே கூடாது. நீளமான மரத்தில் முதலில் விளிம்பை ஓட்டி, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபென்ஸ் இல்லாமல் பேரிங் பிட்டில் வளைவு ஓட்டும்போது பிளேட்டில் ஊன்றும் முளை கட்டாயம். மரத்தை முதலில் முளையில் சாய்த்து, மெல்லப் பிட்டுக்குள் திருப்ப வேண்டும்.

மரம் கருகுகிறது, அதிர்கிறது, கடைசியில் பள்ளம் விழுகிறது. ஏன்?

கருகினால் நீங்கள் மெதுவாகத் தள்ளுகிறீர்கள் அல்லது நடுவில் நின்றுவிடுகிறீர்கள். பிட் மழுங்கியிருக்கலாம், பிசின் படிந்திருக்கலாம். முதலில் பிட்டைத் துடைத்துப் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் முழு ஆழம் எடுக்காமல், கடைசி ஓட்டத்துக்கு அரை மி.மீ. மட்டும் விட்டுவைத்து நிற்காமல் தள்ளினால் கருகல் மறையும்.

அலை அலையாக வந்தால் ஆழம் அதிகம், அல்லது பிட் காலெட்டில் போதுமான அளவு இறங்கவில்லை. தண்டை முழுக்க இறக்கி, 2–3 மி.மீ. மேலே இழுத்து, பிறகு இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் காலெட் சரியாகப் பிடிக்காது. ஓட ஓட பிட் நகர்ந்து ஆழம் மாறும்.

மரத்தின் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் பள்ளம் என்றால் இடது முகப்பு வலது முகப்பைவிடப் பின்வாங்கியிருக்கிறது. வால்முனை வலது முகப்பை விட்டதும் மரம் பிட்டுக்குள் சாய்கிறது. நேர் ஸ்கேலை இரண்டு முகப்புக்கும் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். மாறாக, மரம் பிட்டைத் தாண்டியதும் இடித்து நின்றால் இடது முகப்பு முன்னால் இருக்கிறது. நடுப்பகுதியில் ஆழம் கூடிக் குறைந்தால் மேசை தொய்ந்திருக்கும், அல்லது நீங்கள் மரத்தை ஒரே சீராக அமுக்கவில்லை. இதற்கு, மரத்தை ஒரே சீராக அமுக்கிப் பிடிக்கும் சீப்புப் பலகையான ஃபெதர்போர்டு நல்ல மருந்து: முனையை 30 டிகிரியில் சாய்த்து வெட்டிய பலகையில் 3 மி.மீ. வாள் வெட்டுகளை 6 மி.மீ. இடைவெளியில் 60 மி.மீ. நீளத்துக்குப் போட்டால் வீட்டிலேயே தயார்.

நம் பக்கத்து மரங்களில் எது எப்படி ஓடும்?

தேக்கு இனிமையாக வெட்டுப்படும். ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் சாதாரண ஸ்டீல் பிட் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு வேண்டும். வேம்பில் நார் ஒன்றுக்கொன்று பின்னி ஓடும். எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்காவது பிய்க்கும். ஒரு முறைக்கு 1 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். நாலு பக்கமும் ஓட்டும் பலகையில் முதலில் நார் முனை தெரியும் குறுக்குப் பக்கங்கள், பிறகு நெடுக்குப் பக்கங்கள். குறுக்கில் பிளந்த மூலை நெடுக்கில் ஓட்டும்போது போய்விடும்.

பழைய வீட்டை இடித்த உத்திரமும் கதவும் இங்கே நிறையக் கிடைக்கின்றன, வைரம் பாய்ந்த மரங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் கார்பைடு நுனி தெறித்துக் கண்ணுக்கு வரும். பலமான காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். சந்தேகமான இடத்தை உளியால் தோண்டிப் பார்த்த பிறகே மேசைக்கு.

தூசிக்கு என்ன செய்வது?

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வகைப்படுத்தியது. ஃபென்ஸின் பின்பக்கம் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைப் பொருத்தி வேக்குவம் கிளீனரை இணையுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். காடி எடுக்கும்போது மட்டும் தூள் கீழேதான் கொட்டும். ரவுட்டரைச் சுற்றிப் பெட்டி கட்டினால் காற்று வர வழி விடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடேறும். தலைகீழான மோட்டாருக்குள் தூள் நேரே விழுவதால் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் புளோயரால் ஊதுங்கள். மாஸ்க், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். முழுக்கைச் சட்டையும் துணிக் கையுறையும் வேண்டாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

இதிலேயே பலகை விளிம்பை இழைத்து நேராக்கலாமா?

தாராளமாக. இடது முகப்பின் முன்பக்கத்தில் 1 மி.மீ. மைக்காத் துண்டை ஒட்டி, நேர் பிட்டின் வெளிவிளிம்பு அந்த மைக்காவோடு ஒரே கோட்டில் வரும்படி ஃபென்ஸை வையுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் 1 மி.மீ. எடுக்கும். நாலடி நீளம் வரை இழைப்புளி தேவையில்லை. அதற்கு மேல் மேசை போதாது.

மழைக்காலத்தில் என்ன பராமரிப்பு?

காலெட்டைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் உள்ளே தேய்த்து, மெல்லிய எண்ணெய் தடவி, திரும்பத் துடைத்து மாட்டுங்கள். எண்ணெய் மீந்தால் பிட் நழுவும். பிட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். மேசைக்கு வெள்ளை மெழுகு தேய்த்துத் துடைத்தால் மரம் வழுக்கிக்கொண்டு ஓடும். சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் போடாதீர்கள், அது மரத்தில் ஏறினால் பிறகு வார்னிஷ் ஒட்டாது. மழை விட்டதும் ஸ்கேலும் டார்ச்சும் எடுத்துப் பிளேட் மட்டத்தை மறுபடி பார்த்து, ஆறு திருகுகளையும் திருத்திவிட்டே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.